பார்க்காமலே சிரித்தவன்

பொய் சொல்லி நான் சம்பாதித்த பணம் அதிகமில்லை. பொய் சொல்லிச் சம்பாதித்த சிரிப்பு ஏராளம். அதில் பெரும்பகுதி ஒரு தமிழ்த் தொலைக்காட்சித் தொடரைக் கேலி செய்து வாங்கியது. அந்தத் தொடரில் ஒரு வாரத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. பெயர் ‘என் இனிய இயந்திரா’. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய விஞ்ஞானக் கதை, பிற்பாடு தூர்தர்ஷனில் வந்தது.

இத்தனை வருஷம் இதை ஒப்புக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம், யாரும் என்னைக் கேட்கவில்லை. திருட்டு என்றால் பறிகொடுத்தவன் தேடி வருவான். கேலி விஷயத்தில் பறிகொடுத்தவனுக்குத் தகவலே போவதில்லை.

நான் இருப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில். கார்த்திகை தீபம் முடிந்ததும் இங்கே சீசன். பங்குனி வெயில் ஏறும்வரை வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மாத வாடகையில் வீடு பிடித்துத் தருவது, வீட்டுக்காரம்மா சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை வீட்டுக்காரம்மாவுக்கும் எடுத்துச் சொல்வது, கேஸ் சிலிண்டர், வாடகை ஸ்கூட்டர், சி ஃபார்ம் பதிவு என்று அலைவது, இதுதான் என் பிழைப்பு. சாயங்காலம் மொட்டைமாடியில் டீயோடு உட்காருவார்கள். ‘நான் யார்’ என்ற விசாரணை நடக்கும். ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும். அப்போது சிரிப்புக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ‘ஸ்டார் ட்ரெக்’கோ ‘டாக்டர் ஹூ’வோ பார்த்து வளர்ந்தவர் ஒருவராவது இருப்பார். அவரைத் தொட்டுப் பேச்சை ஆரம்பிப்பேன். ‘எங்கள் ஊரிலும் ஒன்று வந்தது தெரியுமா?’ அதற்குப் பிறகு என் வாய்க்குப் பூட்டு கிடையாது. தெர்மாகோலில் செய்த கட்டுப்பாட்டு அறை. ஜிகினாத் தாள் ஒட்டிய தலைக்கவசம். லேசர் துப்பாக்கிக்குப் பதிலாக ஹேர் டிரையர். எதிர்கால நகரத்தின் சுவரில் கழற்ற மறந்த தினசரி காலண்டர். இயந்திர நாயின் வயிற்றுக்கடியில் தெரியும் மனிதக் கால். கடைசி ஐட்டத்துக்கு எப்போதும் கைதட்டல் விழும்.

இவற்றில் ஒன்றுகூட நான் பார்த்ததல்ல. காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. ஹேர் டிரையர் எதிர்வீட்டில் தங்கியிருந்த ஜெர்மன் அம்மாளுடையது. மனிதக் கால் முழுக்க என் கற்பனை. தொடர் ஓடிய நாள்களில் டைட்டில் போட ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். தூர்தர்ஷன் பார்ப்பது அப்போதைய என் பந்தாவுக்கு ஒத்துவராத காரியம். அதை எடுத்தவர்கள் என்ன செட் போட்டார்கள், நாயை எப்படி நடக்கவைத்தார்கள் என்று விசாரித்துக்கூடப் பார்த்ததில்லை. விசாரித்திருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும்.

பொய் என்னுடையது. பொய்யை நம்பும்படி சொல்கிற நுணுக்கம் மட்டும் மாமாவிடமிருந்து வந்தது.

அம்மாவின் தம்பி அவர். டிவி மெக்கானிக். பத்துக்குப் பத்து அறைதான் கடை. வாசலில் பிக்சர் டியூப் போன பெட்டிகள், உள்ளே ஈயம் உருகும் வாசனை. சென்னை ஒளிபரப்பை இங்கே பிடிக்க உயரமாகக் கம்பம் நட்டு, ஆன்டெனாவுக்கு பூஸ்டர் போட வேண்டும். அப்படியும் படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால் மாமா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். ‘அவரு நடுவுல உக்காந்துகினு கீறாரு, நான் இன்னா பண்றது?’ 2,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் யார் எதிர்வாதம் செய்வார்கள்?

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ போட்டது. ரிப்பேர் முடிந்த பெட்டிகளை மாமா அந்த நேரத்தில்தான் ஓட்டிப் பார்ப்பார். வரிசையாக எல்லாப் பெட்டியிலும் ஒரே கேப்டன் கிர்க், பெட்டிக்கு ஒரு நிறத்தில். மாமாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் கதை அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அவர் பார்த்தது சாமான்களை.

‘பொத்தானப் பார்றா. ஒண்ணுலயும் பேரு எழுதல. எது எதுக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியுது?’

‘பின்னால சீரியல் செட்டுடா. ஒருத்தன் உக்காந்து போட்டுப் போட்டு அணைக்கிறான்.’

‘கப்பல் ஆடும்போதெல்லாம் உருண்டு உருண்டு விழுறானுங்க. சீட்ல ஒரு பெல்ட்டு மாட்டக் கூடாது?’

கப்பலின் கடிகாரத்தில் எண்கள் பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி உருளும். நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாவுகிற காலத்திலும் பல்சக்கரம் வைத்த கடிகாரம்! அதைக் கண்டுபிடித்த அன்று மாமா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் எதைக் கண்டுபிடித்தாலும் அவர் முடிப்பது ஒரே விதமாகத்தான்: ‘ஆனா கெட்டிக்காரன்டா. கையில இருக்கறத வெச்சு இன்னா காட்டுறான் பாரு.’ தானே பழைய பெட்டியின் பாகத்தைப் பிடுங்கிப் புதுப் பெட்டியை ஓடவைக்கிறவர், இன்னொரு தொழிலாளியின் தந்திரத்தை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம் அது. நான் அவரிடம் குறை பார்க்கக் கற்றேன். சந்தோஷத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பின்னாளில் விருந்தாளிகள் விட்டுப்போன புத்தகங்களைப் படித்தபோது மாமாவின் ஊகம் பலதும் சரி என்று தெரிந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பானது 1966 செப்டம்பர் 8 அன்று. அந்த முதல் கதையில் உப்புக்கு அலையும் ஒரு விண்வெளிப் பிராணி வருகிறது. அதற்காகப் படக்குழு எதிர்கால மோஸ்தரில் உப்புக் குப்பிகளைத் தேடிப் பிடித்து வாங்கியது. வாங்கிய பிறகு ஒரு சந்தேகம்: இவ்வளவு விசித்திரமாக இருந்தால் இது உப்புக் குப்பி என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எனவே காட்சிக்கு ஸ்டூடியோ கேன்டீனிலிருந்த சாதாரணக் குப்பியே வந்தது. வாங்கிய குப்பிகள் வீணாகவில்லை. டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளாகிவிட்டன. தொடர் முடியும்வரை அவர் நோயாளிகளை உப்புக் குப்பியால்தான் பரிசோதித்தார்.

தானாகத் திறக்கும் கதவுகளை மறைவில் நின்ற ஆள்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். வாரத்துக்கு ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டப் பணம் போதாததால், ஆளைக் கரைத்து வேறிடத்தில் சேர்க்கும் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ வந்தது. அந்த மினுமினுப்பு, வெளிச்சத்தில் தூவிய உலோகப் பொடி. ‘எண்டர்பிரைஸ்’ கப்பலின் 11 அடி மாதிரிக்கு இடது பக்கம் வேலையே முடியவில்லை. விளக்குக்கான ஒயர்கள் அந்தப் பக்கமாக வெளியே வந்ததால் வலது பக்கத்தை மட்டும் படம் பிடித்தார்கள். அரைகுறையான அந்தக் கப்பல் 1974இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய், இன்றைக்கும் வாஷிங்டனில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

இங்கிலாந்துக் கதையும் இதேதான். ‘டாக்டர் ஹூ’வில் உலகத்தையே நடுங்கவைக்கும் டாலெக் என்ற எதிரியின் ஒரு கை, அடைத்துக்கொண்ட ஸிங்கைக் குத்தும் ரப்பர் கட்டை. ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொடரில் ராக்கெட் அறையின் சுவரில் எலுமிச்சை பிழியும் பிளாஸ்டிக் சாமான். 1977இல் ‘டாக்டர் ஹூ’வுக்குள் வந்த கே-9 என்ற இயந்திர நாயின் மோட்டார் வசனத்தை அமுக்கும் அளவுக்குச் சத்தம் போட்டது. ரேடியோக் கட்டுப்பாடும் ஸ்டூடியோக் கேமராவும் ஒன்றையொன்று கெடுத்தன. மேடுபள்ளமான தரையில் அது நகராது. வெளிப்புறக் காட்சியில் கயிறு கட்டி இழுத்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் மொட்டைமாடியில் நான் எடுத்த தொனி இரண்டு. அவர்களுடைய கயிறையும் ரப்பர் கட்டையையும் சொல்லும்போது குரலில் ஒரு வாஞ்சை வரும். என்ன மூளை பார், என்ன சிக்கனம் பார் என்று தலையாட்டுவேன். நம்முடையதைச் சொல்லும்போது அது கையாலாகாத்தனம். உப்புக் குப்பி டாக்டர் மெக்காய் கையில் இருந்தால் மருத்துவக் கருவி, நம் ஆள் கையில் இருந்தால் உப்புக் குப்பி. அதிலும் அவர்களுடைய குப்பி நிஜம், நம் ஆள் கையில் நான் வைத்த குப்பி பொய்.

ஏன் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர்களோடு சேர்ந்து ஊரைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்த நேரத்துக்கு நான் ஊர்க்காரன் அல்ல. வீட்டுப் புரோக்கர் அல்ல. அவர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன். அந்த நாற்காலிக்கு நான் கொடுத்த வாடகை அது.

வாடகை ஏறிக்கொண்டே போனது. 1963 ஏப்ரலில் வந்த ‘கலை அரசி’ படத்தையும் விட்டுவைக்கவில்லை. எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போனார் என்று சொன்னாலே மாடி அதிரும். விஞ்ஞானத்தில் எங்கோ போய்விட்ட கிரகத்தில் கலை மட்டும் வளரவில்லை, அதைக் கற்றுத்தர இங்கிருந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள் என்பது கதை. டாலெக்குகள் பிறப்பதற்கு முன்பே தமிழில் யோசித்த விஷயம் இது. எவ்வளவு அழகான யோசனை என்று எனக்கு உறைக்கவில்லை. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஏறக்குறைய அதே மாதிரி ஒரு குறையோடு இந்த ஊருக்கு வந்தவர்கள்தான் என்பதும் உறைக்கவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

மாமாவின் மகளுக்கு அந்தத் தொடரில் வந்த ஜீனோ என்ற இயந்திர நாய்மேல் உயிர். அவளுக்காக மாமா ஒன்று செய்தார். செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோவின் கூடுதான் உடம்பு. ஸ்பீக்கர் ஓட்டை வாய். இழுத்து நீட்டும் ஏரியலை வாலாக வைத்திருந்தார். கண்ணுக்கு இரண்டு சிவப்பு எல்.இ.டி. உள்ளே ஒரு 555 ஐ.சி., ஒரு கெப்பாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. சுவிட்சைப் போட்டால் கண் சிமிட்டும். உடைந்த பொம்மைக் காரின் சக்கரங்களில் தள்ளினால் ஓடும். கடை வாசற்படியைத் தாண்டாது.

அப்போது ஒரு விருந்தாளியின் டேப் ரெக்கார்டரில் பெல்ட் அறுந்துவிட்டது. கடைக்கு அழைத்துப்போனேன். மேஜைமேல் நாய் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குச் சரக்கு கண்ணெதிரிலேயே கிடைத்துவிட்டது. நாயைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு தெர்மாகோலிலிருந்து மனிதக் கால்வரை முழு நிகழ்ச்சியையும் இங்கிலீஷில் நடத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமா பெல்ட் மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் என்னிடம் கேட்டார்.

‘நீ பாத்தியாடா அத?’

‘பாத்தேனே மாமா.’

‘போன வாரம்?’

‘பாத்தேன்.’

‘நாயி இன்னா பண்ணிச்சு?’

கதவைத் திறந்தது, யாரையோ காப்பாற்றியது என்று உளறினேன்.

‘போன வாரம் அந்நேரம் நம்ம ஏரியாவுல கரண்டே இல்லடா.’

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட் மாட்டியதற்குக் கூலி வாங்கிக்கொண்டு விருந்தாளியிடம் ‘ஓகே சார்’ என்றார். வெளியே வந்ததும், ‘உங்கள் மாமா என்ன கேட்டார்?’ என்றார் அவர். ‘நாயை இன்னும் சரிசெய்ய வேண்டுமாம்’ என்று மொழிபெயர்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் பேச்சை எடுத்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவன் செய்யக்கூடாத காரியம் அது. கூச்சமில்லாமல் செய்தேன்.

பிடிபட்டவன் திருந்தியிருக்க வேண்டும். நான் செய்தது, மாமா இருக்கும் இடத்தில் அந்த நிகழ்ச்சியை நடத்தாமல் பார்த்துக்கொண்டது மட்டும்தான். சில வருஷம் கழித்து அவர் கடையை மூடியபோது சாமான்களை ஒழித்துக் காயலாங்கடைக்குப் போட்டவனும் நானே. நாயும் எடையோடு எடையாகப் போயிற்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிபிசி பழைய நாடாக்களை அழித்ததில் ‘டாக்டர் ஹூ’வின் நூற்றுக்குச் சற்றுக் குறைவான பகுதிகள் படமாக இல்லாமல் போயின என்று படித்தபோது, என்ன அறியாமை என்று உச்சுக் கொட்டினேன். அந்தப் பகுதிகளின் ஒலியாவது மிஞ்சியதற்குக் காரணம், தொடரை நேசித்த சில ரசிகர்கள் வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்ததுதான். எங்கள் வீட்டில் நேசித்தவர் நாய் செய்தார். அதை நான் எடைக்குப் போட்டேன்.

2020 மார்ச்சில் விசா நின்றது. ஆசிரமக் கதவைச் சாத்தினார்கள். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குத் தடை என்று கலெக்டர் அறிவிப்பு வந்தது. சீசன் என்ற ஒன்றே இல்லாத 2021இல், செய்ய ஒன்றுமில்லாமல் ‘என் இனிய இயந்திரா’ நாவலைக் கையில் எடுத்தேன். கதை நடக்கும் ஆண்டு 2021. அது தெரியாமலே அத்தனை வருஷம் அதைக் கிண்டலடித்திருக்கிறேன்.

முதலில் பழக்கம் விடவில்லை. 2021இல் உட்கார்ந்துகொண்டு 2021ஐப் பற்றிய கதையில் ஓட்டை தேடினேன். கொஞ்ச நேரத்தில் தேடுவதை மறந்துவிட்டேன். நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பேசுகிற, படிக்கிற, கிண்டலடிக்கிற ஜீனோ. எழுதியவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரிந்த கை. கதையில் நாட்டையே ஆட்டிவைக்கும் தலைவன் ஜீவா கடைசியில் ஆளே அல்ல, ஒளியில் உருவாக்கிய ஹோலோகிராம் பிம்பம். ஜனங்கள் கிட்டப் போய்ப் பார்க்காமல் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கும்பிடுவதற்குப் பார்க்கத் தேவையில்லை, சிரிப்பதற்கும் பார்க்கத் தேவையில்லை. அந்த ஜனங்களில் ஒருவன் நான் என்று அங்கே புரிந்தது.

ரமணர் சினிமாத் திரையை உவமையாக அடிக்கடி சொல்வார். படத்தில் தீப்பிடித்தாலும் திரை வேகாது, வெள்ளம் வந்தாலும் நனையாது. வந்துபோகும் படத்தை விட்டு, மாறாத திரையைக் கவனி. இதை எத்தனையோ விருந்தாளிகளுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன், அதே மொட்டைமாடியில், அதே வாயால். திரையைப் பார்க்கிற தகுதி எனக்கு இல்லை, அது போகட்டும். படத்தையாவது பார்த்தேனா? பின்னால் உட்கார்ந்து விளக்கைப் போட்டு அணைக்கிறவனைக் காட்டிக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவன் இருக்கும் பக்கம்கூடத் திரும்பாமல் இருந்தேன்.

மாமாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காது மந்தம். வேங்கிக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார். போய் உட்கார்ந்து, கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தொடரைப் பார்த்ததில்லை, அன்றைக்குச் சொன்னது பொய், நாயைக் காயலாங்கடைக்குப் போட்டது நான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மன்னிக்கிறேன் என்று ஒரு வார்த்தை வரும், லேசாக வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

‘நீ பாக்கலன்னு அன்னிக்கே தெரியும்’ என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அதுல ஒரு ரெசிஸ்டர் வேல்யூ கம்மியாப் போட்டுட்டேன்டா. கண்ணு படபடன்னு அடிச்சிகிச்சு. நாயி அப்படியா சிமிட்டும்? மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன். நீ அதுக்குள்ள தூக்கிப் போட்டுட்ட’ என்றார்.

அத்தனை வருஷம் குறை கண்டுபிடிப்பதில் சூரன் என்று பெயர் வாங்கிய நான், அந்த நாயைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு சிரித்தபோது கவனிக்காத ஒரே நிஜமான குறையை அவர் சொல்லிவிட்டார்.

பழக்கம் முழுதாகப் போய்விட்டது என்றால் அது இன்னொரு பொய். போன சீசனில் மாடியில் யாரோ ‘ஸ்டார் ட்ரெக்’ என்றதும் என் நாக்கு ஹேர் டிரையர்வரை போய்விட்டது. நிறுத்தி, இது நான் இட்டுக்கட்டியது என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் அந்தத் தொடரில் உண்மையில் என்னதான் இருந்தது என்று ஒருவர் கேட்டார். பார்த்ததில்லை என்றேன்.

அந்தத் தொடரில் செட் போட்டவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், நாயை நடக்கவைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். செங்கம் சாலை மாடிகளிலும், இங்கே வந்துபோனவர்கள் வழியாகச் சில வெளிநாடுகளிலும் உங்கள் வேலையைப் பற்றி உலவும் கதைகள் பொய். கிளப்பிவிட்டவன் நான்.